மொச்சைத் தோலில் குடியிருந்தவள்

காக்கைப்பொட்டலில் அந்த வருஷம் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு முத்து எடுத்த முப்பத்தொரு பெண்களில் இருளாயிக்கு மட்டும்தான் சாமிமேல் இருந்த பக்தியைவிடக் கூரைமேல் இருந்த ஆசை கூடுதல். பாரி வளர்க்கிறவள் எட்டு நாளும் பாரி வீட்டிலேயே படுக்க வேண்டும், வேறெங்கும் தங்கக் கூடாது என்பது மற்றவர்களுக்கு விரதம். போன கார்த்திகை மழையில் வீட்டுச் சுவர் விழுந்ததிலிருந்து பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் முடங்கிக் கிடந்தவளுக்கு அது வரம். அந்த நிழற்குடைக்கு மூன்று பக்கம் சுவர் உண்டு, நாலாவது பக்கம் பஸ் வரும்.

அவளுக்குக் கரிமூட்டத்தில் கூலிவேலை. சீமைக்கருவேல விறகை வெட்டி அடுக்கி, வைக்கோலைப் பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடி, உள்ளே நாலைந்து நாள் புகையவிட்டால் கரி. மூடியதில் ஓர் ஓட்டை விழுந்தால் எல்லாம் சாம்பல். அப்படி ஊரெல்லாம் எரிக்கக் கரி மூடித் தந்தவளுக்குத் தன் தலையை மூடிக்கொள்ள ஓர் இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் கொழுந்தன் சாத்தையா. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான மனையில், இருளாயியின் புருஷன் தவசி செத்துப் பதினோராவது மாதம் அவள் பக்கத்துச் சுவர் விழுந்தது; விழுந்த மண்ணை அள்ளக்கூட விடாமல் அந்த இடத்தில் சாத்தையா நாலு மாட்டைக் கட்டினான். "புள்ளையா குட்டியா? ஒத்தை ஆளுக்கு எதுக்கு மதினி வீடு?" என்று கேட்டபோது அவன் குரலில் கோபம்கூட இல்லை, கணக்குச் சொல்லித் தருகிறவன் மாதிரி நிதானமாகக் கேட்டான். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

தாலியறுத்தவள் பாரி எடுக்கலாமா என்ற கேள்வி பக்கத்து ஊர்களில் உண்டு. காக்கைப்பொட்டலில் கும்மிக்குப் பாட்டுச் சொல்லும் மீனாளே தாலியறுத்தவள் என்பதால் அந்தக் கேள்விக்கு வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று. முத்து என்று அவர்கள் சொல்வது விதையை. பாரிக்காரி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மடியேந்தி நிற்பாள். மொச்சையோ தட்டாம்பயறோ பாசிப்பயறோ, கைக்கு வந்ததைப் போடுவார்கள். எந்த வீடும் இல்லை என்று சொல்லக் கூடாது. இருளாயி மடியேந்தி நின்றபோது சாத்தையாவும் இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஏதோ பழைய தகரடப்பாவைக் குலுக்கி, அடியில் பல வருஷமாகக் கிடந்த ஒரே ஒரு மொச்சையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "திருப்தியா மதினி?" என்றான். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் நிலையில் சாய்ந்து நின்று வேறு பக்கம் பார்த்தாள்.

விதைகளை ஊறப்போட்டபோது மற்றதெல்லாம் உப்பித் தோல் சுருங்கி மெத்தென்று ஆயின, அந்த ஒற்றை மொச்சை மட்டும் போட்டது போட்டபடி கல்லாகக் கிடந்தது. எந்தப் பானையிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். தண்ணீருக்கு மசியாது, வேகவைத்தாலும் வேகாது, குழம்பில் கிடந்து பல்லை உடைக்கும். பாரிக்கு ஆகாது என்று பொறுக்கி எறிந்துவிடுவார்கள். மற்ற பெண்கள் எறிந்தார்கள். இருளாயி எறியவில்லை, ஏனென்றால் எல்லா வீட்டு முத்தும் சேர்ந்தால்தான் பாரி, அதிலும் இது அவள் வீட்டு முத்து. ஆட்டுப்புழுக்கையும் வைக்கோலும் கரம்பை மண்ணும் போட்ட சட்டியின் நட்டநடுவில் அதை விரலால் அழுத்தி வைத்தாள்.

மூன்றாம் நாள் எல்லாச் சட்டியிலும் முளை எழுந்தது, இருட்டில் வளர்கிற பாரிக்கே உரிய வெளிறிய மஞ்சளில், தலையில் ஆளுக்கொரு தோலைக் குல்லாயாகப் போட்டுக்கொண்டு. நாலாம் நாள் குல்லாய்களெல்லாம் உதிர்ந்தன. இருளாயி சட்டியின் நடுவில் முளைத்து நின்ற அந்தக் கல் மொச்சை மட்டும் தன் தோலைக் கழற்றவில்லை. கழற்றாததோடு, தோல் வளரவும் தொடங்கியது. செடி மற்ற செடிகள் மாதிரியே ஒரு சாண் உயரத்தில் ஒல்லியாக நின்றுகொண்டது, வளர்ந்ததெல்லாம் தோல்தான். ஐந்தாம் நாள் காலையில் கொட்டாங்கச்சி அளவு, சாயங்காலம் சோற்றுப்பானை அளவு, ஆறாம் நாள் பெரிய அண்டா அளவு, ஏழாம் நாள் மற்ற முப்பது சட்டிகளையும் சுவரோரமாக நகர்த்தி வைக்க வேண்டியதாகி, "ஏத்தா, ஒன் முத்து எங்களுக்கு எடம் விடுமா விடாதா?" என்று பெண்கள் சலித்துக்கொண்டார்கள். பழுப்பு நிறம், ஓரத்தில் மொச்சைக்கு இருக்கிற அதே வெள்ளைக் கீற்று, கீற்றின் நுனியில் மூக்கு என்று சொல்லப்படும் அந்தச் சின்னத் துளை, இப்போது ஒரு கை நுழைகிற அகலத்தில். மீனாள் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல முத்து" என்று சொல்லிவிட்டுக் கும்மிக்கு நேரமாகிவிட்டதென்று போனாள்.

ஊருக்கு எழுந்த கவலையெல்லாம் ஊர்வலத்தைப் பற்றித்தான். இவ்வளவு பெரியது முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களுக்குச் சாமி தெரியாது, பின்னால் போனால் மேளக்காரர்களுக்கு இடம் போதாது என்று இரண்டு மணிநேரம் பேசி, கடைசியில் நடுவில் போகட்டும் என்று முடிவானது. ஒருத்தி முத்தை இன்னொருத்தி தொட்டுத் தூக்கக் கூடாது என்பதால் இருளாயியே தூக்கினாள். கனமே இல்லை, காய்ந்த பனையோலை அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் இடுப்புவரை அவளை மூடிவிட்டதால் மூக்குத் துளை வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். குலவை வெளியிலிருந்து கேட்டது. நாற்பத்திரண்டு வயதில் முதல்தடவையாக ஊர் முழுக்கத் தனக்கு வழிவிட்டதை அவள் அந்தத் துளை வழியாகத்தான் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள், யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பாரியைக் கண்மாயில் கரைக்க வேண்டும். கண்மாயில் தண்ணீர் இல்லை. மூன்று வருஷமாக ஆவணியில் இருந்ததில்லை. மோட்டார் ரூமை ஒட்டி மாடு குடிக்கக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் முப்பது பாரிகளைக் கரைத்தார்கள். முப்பத்தோராவது தொட்டிக்குள் நுழையவில்லை. ஊர்த்தலைவர் கருப்பணன் தொட்டியையும் தோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்சு கம்மா பெருகட்டும், அப்பக் கரைச்சுக்கிரலாம். அதுவரைக்கும் உள்வாயில கெடக்கட்டும்" என்றார். அப்படியே காய்ந்த கண்மாய்க்குள் கரையை ஒட்டி இருளாயி அதை இறக்கிவைத்தாள். அங்கே அது இன்னும் ஐந்து நாள் வளர்ந்து, நாலு பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவு வந்து, மூக்குத் துளை ஒரு ஆள் குனிந்து நுழைகிற வாசலாக ஆனதும், போதும் என்று நின்றுகொண்டது. ஆறாம் நாள் அவள் நிழற்குடையிலிருந்து தன் பாயையும் குடத்தையும் சேலை மூட்டையையும் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே பகல் வெளிச்சம் டீத்தண்ணி நிறத்தில் விழுந்தது, வெயில் ஏறவில்லை, கொசு வரவில்லை, எந்நேரமும் அவித்த மொச்சை வாசம் வந்து வயிற்றைக் கிள்ளியது. கைக்குழந்தைக்காரிகள் மத்தியானத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே தூங்கப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், வெளியே ஓயாமல் அழுகிற பிள்ளைகள் உள்ளே சத்தமில்லாமல் தூங்கின. தபால்காரர் முதல் தடவை விலாசம் கேட்டுவிட்டு இரண்டாம் தடவையிலிருந்து கேட்கவில்லை. ரேஷன் கடைக்காரர் அட்டையில் 'மொச்சைத் தோல், கண்மாய் உள்வாய்' என்று எழுதிக்கொடுத்தார். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பெண், கூரை ஓடா, ஓலையா, தகரமா, காரையா என்று தாளில் இருந்ததை வாசித்து, நாலையும் விட்டுவிட்டு 'இதர' என்பதில் டிக் அடித்துவிட்டு, மோர் இருந்தால் கொடுங்கள் என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். நீர்நிலையை ஆக்கிரமித்ததாக நோட்டீஸ் கொடுக்க வந்த அலுவலருக்கு மட்டும் கட்டுமானத்தின் வகை என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், மேலிடத்தில் கேட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. உச்சி வெயிலில் கரிமூட்டத்திலிருந்து வந்து குனிந்து நுழையும் ஒவ்வொரு தடவையும் இருளாயி தனக்குள் சிரித்துக்கொண்டாள். யாரிடமும் கேட்காமல் நுழைகிற வாசல் அவளுக்கு அதுவரை இருந்ததில்லை.

புரட்டாசியில் ஊர் வழக்கம்போலப் புழுதியில் விதைத்தது. அந்தச் சீமையில் நெல்லை ஈரத்தில் விதைப்பதில்லை. மழை வரும் என்று நம்பிக் காய்ந்த புழுதியை உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். நெல் உமிக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு நாற்பது நாள், நாற்பத்தைந்து நாள் கிடக்கும். அதற்குமேல் உமிக்கும் பொறுமை இல்லை. எறும்பு கொண்டுபோனது போக மிச்சம் பதராகிவிடும். ஐப்பசி பிறந்தது. முப்பது நாள் ஆயிற்று. முப்பத்தைந்து ஆயிற்று. ஊர்க்காரர்கள் வயலில் குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளி ஊதிப் பார்ப்பதும், உள்ளங்கையில் மிஞ்சிய நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், ஒரு பாரி இன்னும் கரையாமல் இருக்கிறது, ஆத்தாள் எப்படி மழை தருவாள் என்று. மழை வந்தால்தானே கரைக்க முடியும் என்று இன்னொருவர் கேட்டார். கரைத்தால்தானே மழை வரும் என்று முதலாமவர் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிள்ளைகளைத் தூங்கப்போட வந்த பெண்கள்கூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊர்ச் செலவில் தண்ணீர் லாரி ஒன்றைக் கண்மாய்க்குள் இறக்கி, தோலின் உச்சியிலிருந்து ஒரு லாரித் தண்ணீரையும் அடித்தார்கள்; தாமரை இலையில் ஓடுகிற மாதிரி ஓடி இறங்கி மண்ணில் போயிற்று. சாத்தையா டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தான், கயிறு அறுந்தது. உள்ளே இருளாயி பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கூறுகெட்டவய்ங்களா, முத்துப் பாவுனவ கைதான் கரைக்கணும்," என்று மீனாள் வந்து சத்தம் போட்டாள். "அவளுக்கு மனசு வரணும். இல்லாட்டி கடலையே கொண்டாந்து ஊத்துனாலும் ஊறாது."

மறுநாள் காலை கோயில் வாசலில் ஊர் கூடியது. இருளாயியை உட்காரச் சொன்னார்கள், அவள் நின்றுகொண்டாள்.

"ஏத்தா இருளாயி," என்றார் கருப்பணன், "ஊரு காயுது. ஒனக்கே தெரியும். பாரியக் கரைச்சு விட்டுரு."

"கரைக்கிறேன் மாமா. அப்புறம் நான் எங்க போறது?"

"அதெல்லாம் பாத்துக்கிரலாம்த்தா."

"பாத்துக்கிரலாம்னு போன கார்த்திகையிலயும் சொன்னீக. நித்தம் ஆறு மணிக்கு வர்ற பஸ்ஸுதான் என்னைய வந்து பாத்துட்டுப் போச்சு."

இரண்டு பேர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். கருப்பணன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். "சரி, என்னதான் வேணும்ங்கிற?"

முந்தின நாள் முழுக்க அவள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகள்தான். "எம்புருசன் பங்கு ரெண்டு சென்டு. மாடு கட்டிக் கெடக்குற எடம். அதை அளந்து, கல்லு ஊண்டி, எம்பேருக்கு எழுதிக் குடுங்க. குடுத்த அன்னைக்கே கரைக்கிறேன்."

சாத்தையா எழுந்தான். "மொதல்ல கரைக்கட்டும், அப்புறம் பேசுவோம். எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குன கதையாப் போயிரும். அதுவுமில்லாம, அந்த முத்தே நான் போட்டது. எம்முத்துல வந்த தோலு எனக்குத்தான சேரும்?"

"அடேய்," என்றாள் மீனாள், "மடியில போட்ட முத்து திரும்புமாடா? அப்பிடிப் பாத்தா ஊரு பாரி மொத்தமும் அவுகவுக வீட்டுக்குத் திரும்பிப் போகணுமே. ஆத்தாளுக்கு என்ன மிஞ்சும், வெறும் புழுக்கைதான்."

கருப்பணன் அவனைப் பார்க்காமல் கேட்டார், "சாத்தையா, ஒனக்கு எத்தனை குறுக்கத்து நெல்லு புழுதியில கெடக்கு?"

"மூணு."

"எத்தனாவது நாளு?"

சாத்தையா வானத்தைப் பார்த்தான். அது முப்பத்தெட்டாவது நாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தவர்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. அவரவர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது, பெண்கள் பக்கத்திலிருந்து, கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் பொதுவில் வாய் திறந்திராத பஞ்சவர்ணம், புருஷனைப் பார்த்துச் சொல்லாமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"மாட்ட எங்குட்டாச்சும் கட்டிக்கிரலாம்."

சாத்தையா திரும்பி அவளை முறைத்தான். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தான், அதையே சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தலையாரி சங்கிலி கொண்டுவந்து அளந்தார், நாலு மாடுகளும் வேலிக்கு அப்பால் போய் நின்று இந்தப் பக்கம் பார்த்துக் கத்தின, நாலு மூலைக்கும் நாலு கல் ஊன்றப்பட்டது, காகிதத்தில் இருளாயி கையெழுத்துப் போட்டாள். பேரின் கடைசி எழுத்தை இழுத்துவிட்டதில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. பரவாயில்லை, செல்லும் என்றார்கள்.

சொன்ன சொல்படி அன்றைக்கே அவள் கண்மாய்க்குள் இறங்கினாள். ஊர் முழுக்கக் கரைமேல் நின்றது. பாயையும் சேலை மூட்டையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு குடம் தண்ணீரோடு வாசல் முன்னால் உட்கார்ந்து, வெள்ளைக் கீற்றின் நுனியில், மூக்குத் துளையின் விளிம்பில், கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தடவினாள். விடிகாலைப் பனி பட்டு ஈரமாவது அந்த விளிம்பு மட்டும்தான், தண்ணீர் புகுகிற வழி அது ஒன்றுதான் என்று உள்ளே குடியிருந்தவளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தோல் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது. முதலில் விளிம்பு நெகிழ்ந்தது, பிறகு உச்சி சுருங்கியது, பிறகு முழுத் தோலும் நனைந்த அப்பளமாக மடிந்து அவள் மடியிலேயே வந்து விழுந்தது. அதுவரை தாங்கியிருந்த இருளாயி அப்போது வாய்விட்டு அழுதாள். தவசி செத்தபோது அழுததைவிடக் கூடுதலாக அழுதாள், அதற்கு வெட்கப்படவும் இல்லை. தடவத் தடவத் தோல் கரைந்து கருஞ்சேறாக ஆயிற்று. ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து வயலில் போடக் கொண்டுபோனார்கள். மீனாள் குலவை போட்டாள்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. கடலில் காற்றழுத்தம் உருவாகியிருப்பதாக ரேடியோ இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எப்படியானால் என்ன, புழுதியில் கிடந்த நெல்லுக்கு ரேடியோவும் தெரியாது, ஆத்தாளும் தெரியாது. நெல் தண்ணீரைக் குடித்தது. ஆண்கள் சட்டையில்லாமல் தெருவில் இறங்கி நனைந்தார்கள்.

இருளாயி தன் இரண்டு சென்டில் சேலை மூட்டையை மடியில் வைத்து, பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாய் நனைந்து தொங்கியதும் அதையும் கீழே போட்டுவிட்டாள். சுவரில்லை, கூரையில்லை, நாலு மூலையில் நாலு கல், மாட்டுச் சாணி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒதுங்க ஆயிரம் இடம் உண்டு, பஸ் நிழற்குடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எழுந்து போனால் இது மறுபடியும் காலியிடம் ஆகிவிடும், காலியிடத்தில் மாடு கட்டுவார்கள் என்று அவளுக்குப் பயம். பற்கள் கிட்டிக்கொண்டன. இத்தனை நாள் காய்ந்த உடம்பு, குளிரை மறந்திருந்தது.

ஐந்து எட்டு வைக்கிற தூரத்தில், தன் வீட்டு நிலையில் நின்றபடி சாத்தையா கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கூப்பிட்டான். "மதினி, நனையாதீக. உள்ள வாங்க."

"நான் உள்ளதான் தம்பி இருக்கேன்," என்றாள் இருளாயி.

அவனை ஒதுக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் வெளியே வந்தாள், ஒரு யூரியா சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு. சாணிக்கூடையோடு நித்தம் நாலு தடவை குறுக்கே நடந்துபோன இடம்தான் அது. ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை, "அக்கா, உள்ள வரலாமா?"

இருளாயி நிமிர்ந்து பார்த்தாள். முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம்விட்டாள்.

"வா," என்றாள். "பாத்து வா. வாசப்படி வழுக்கும்."

பஞ்சவர்ணம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லாத படியைத் தாண்டிக் காலை வைத்தாள்.